நாற்பத்தேழாம் நம்பர் கம்பி

போன மாதம் என் கம்ப்யூட்டர் நின்றுபோனது. மேசைக்கடியில் நிற்கும் பழைய பெட்டி அது. பொத்தானை அழுத்தினால் விளக்கும் எரியவில்லை, விசிறிச் சத்தமும் இல்லை. பஜாரில் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: மதர்போர்டு போயிருக்கும், வேறு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்று. எண்பத்தைந்து வயதில் வேறு பெட்டி வாங்கிப் பழகுவதாவது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் படுக்கவைத்து, பக்கத் தகட்டைக் கழற்றினேன்.

உள்ளே ஒரு பச்சைப் பலகை, அதுதான் மதர்போர்டு. பெட்டிக்குள் இருக்கும் எல்லாம் அந்த ஒன்றில்தான் வந்து சேர்கின்றன. கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் பார்த்தேன். பிறகு ஒரு கம்பியின்மேல் விரலை வைத்து, அதன் மறுமுனைவரை போனேன். மின்சாரப் பெட்டியிலிருந்து வரும் தடித்த கம்பிக்கட்டு நீளமான ஒரு பிளக்கில் முடிந்தது. பலகைக்குச் சாப்பாடு அதன் வழியாகத்தான். நடுவில், விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பது கணக்குப் போடும் சில்லு. அதன் பக்கத்தில் செங்குத்தாகச் செருகி நிற்கும் மெல்லிய அட்டைகள், வேலை நடக்கும்வரை மட்டும் நினைவு வைத்திருப்பவை. தட்டையான சிவப்புக் கம்பி, நான் எழுதியதையெல்லாம் சேர்த்துவைக்கும் டிஸ்குக்குப் போனது. காசு அளவில் ஒரு பேட்டரி, பெட்டி தூங்கும்போதும் மணி பார்த்துக்கொண்டிருப்பது. இப்படி ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் பலகையின் கீழ் மூலைக்கு வந்தேன். அங்கே இரண்டு வரிசையாகச் சின்ன ஊசிகள் நின்றன. பெட்டியின் முகப்பிலிருந்து வரும் நூல் போன்ற கம்பிகள் அவற்றில் செருகியிருந்தன. பொத்தானிலிருந்து வந்த ஜோடி மட்டும் கழன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

செருகினேன். பிளக்கை மாட்டிப் பொத்தானை அழுத்தியதும் விசிறி சுற்றியது.

பலகையில் ஒரு குறையும் இல்லை. நான் அழுத்தியது அதற்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். தகட்டைத் திரும்ப மாட்டாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கம்பியை விரலால் தொட்டுக்கொண்டே மறுமுனைவரை போகும் பழக்கம் என்னுடையதல்ல. அறுபதுகளில் தங்க வயல் சுரங்கத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்மணியுடையது. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை எழுதினேன், எழுதக்கூடாத இடத்தில். அது போதும். எல்லாரும் அவரை போர்டு அக்கா என்பார்கள்.

சுரங்கத்துக்கென்று தனியாக ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. ஷாஃப்ட் ஆபீஸ், எஞ்சின் ஹவுஸ், ஆஸ்பத்திரி, ஸ்டோர், பெரிய அதிகாரிகளின் பங்களாக்கள், சுரங்கக் குழிக்குள் வெவ்வேறு ஆழத்தில் இருக்கும் சில லெவல்கள் என்று எல்லா இடத்துக் கம்பிகளும் அந்த அறையில் ஓர் ஆள் உயர மரப் பலகைக்கு வந்து சேரும். பலகையின் முகத்தில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்குமேலும் ஒரு சின்னத் தகடு. யாராவது போனின் கைப்பிடியைச் சுழற்றினால் அவருடைய தகடு டப்பென்று விழும். ஆபரேட்டர் பிளக்கைச் செருகிப் பேசி, கேட்கும் இடத்துத் துளையில் இன்னொரு பிளக்கைச் செருகி, சாவியை அழுத்தி மணியடிக்க வேண்டும். இதை ஷிஃப்ட் முழுவதும் செய்தவர்களில் ஒருவர் போர்டு அக்கா. பலகையின் பின்பக்கம் என் பொறுப்பு. நான் பெங்களூரில் டிப்ளமோ படித்துவிட்டு அங்கே சூப்பர்வைசராக வந்தவன்.

அவருக்கு அப்போது முப்பது வயது இருக்கலாம். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். வட ஆற்காட்டிலிருந்து வந்த குழிக்காரக் குடும்பம். எட்டாவதுவரை படித்திருந்தார். கணவர் குழிக்குள் இறந்தபிறகு கொடுக்கப்பட்ட வேலை அது. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் குத்தியிருக்கும். அந்தப் பென்சிலால் அவர் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. காது அரித்தால் உதவும் என்பார். கையில் வளையல் கிடையாது. பிளக்கின் கம்பி எதிலும் சிக்காமல் போகவர வசதியாகத்தான் இருக்கிறது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கூடச் சிரிப்பதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியாது.

அவருடைய குணம் ஒன்றே ஒன்று. கம்பிக்கு அந்தப் பக்கம் யார், எப்படி இருக்கிறார் என்று தெரியாமல் எந்தத் துளையிலும் பிளக்கைச் செருகமாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், லீவு நாட்களிலெல்லாம் நடந்துபோய் ஒவ்வொரு போனும் எங்கே இருக்கிறதென்று பார்த்துவிட்டு வந்தாராம். மானேஜர் பங்களாவுக்குள் சமையல்காரரிடம் கேட்டுப் பின்வாசல் வழியாகப் போய்ப் பார்த்திருக்கிறார். போனுக்கு அடியில் பூ வேலை செய்த துணி விரித்திருக்கிறது என்று வந்து சொன்னாராம். ஆஸ்பத்திரி போன் ஒரு பீரோவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. நர்ஸ் வார்டிலிருந்து வந்து எடுப்பதற்குள் மணி எட்டுத் தடவை அடித்துவிடும். அதனால் ஆஸ்பத்திரிக்கு மட்டும் எட்டாவது மணிவரை பொறுப்பார். பதிலில்லை என்று மற்ற ஆபரேட்டர்கள் மூன்றாவது மணியில் சொல்லிவிடுவார்கள். நம்பர் சொல்லி அவர் பேசவே மாட்டார். ஆறாம் நம்பர் மூட்டுவலிக்காரர், பதினொன்று இப்போதுதான் கல்யாணமான பிள்ளை, இருபத்திரண்டு காது கேட்காதவர், கத்திப் பேசணும். இப்படித்தான்.

எஞ்சின் ஹவுஸ் விஷயம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழிக்கு இறங்கும் கிணறு போன்ற ஷாஃப்டில், ஆட்களை ஏற்றிப்போகும் கேஜை ஏற்றி இறக்கும் டிரைவர் அங்கே உட்கார்ந்திருப்பார். கேஜ் ஓடும்போது அவர் லீவரைவிட்டுக் கையை எடுக்கக்கூடாது, கவனம் சிதறவும் கூடாது. எங்கள் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஷாஃப்டின் உச்சியில் இருக்கும் பெரிய சக்கரம் தெரியும். அக்கா அதைப் பார்க்காமல் எஞ்சின் ஹவுஸுக்கு மணியடித்ததே இல்லை. ஒரு நாள் பெரிய அதிகாரி ஒருவர் உடனே கொடு என்று சத்தம் போட்டார். பக்கத்தில் நின்ற எனக்கே அவர் குரல் கேட்டது.

“சக்கரம் சுத்துது சார். நின்னதும் தர்றேன்” என்றார் அக்கா.

அவர் இன்னும் ஏதோ கத்தினார். அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் நின்றது. பிளக்கைச் செருகி, பேசுங்க சார் என்றார். அதற்குள் அவர் போனை வைத்துவிட்டுப் போயிருந்தார். எஞ்சின் டிரைவர் இன்னா அக்கா, சும்மாவா கூப்பிட்டே என்றாராம். ஒண்ணுமில்லண்ணா, உனக்கு ஒரு திட்டு வந்துச்சு, நானே வாங்கி வச்சுகினேன் என்று சொல்லிவிட்டு அடுத்த தகட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு இந்த மாதிரி எதுவும் தெரியாது. எங்கள் வீடு பஜாரில். அப்பா வளையல் கடை வைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் குழிக்குள் இறங்கியதில்லை, யாருக்காகவும் யாரும் ஷாஃப்ட் கேட்டில் நின்றதில்லை. நான் நம்பியது வரைபடத்தை. வந்த உடனே போர்டின் எல்லா இணைப்புகளையும் புதிதாகப் படம் போட ஆரம்பித்தேன். பெரிய தாளில், ஸ்கேல் வைத்து, மூன்று நிற மையில். அக்கா ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே அதைப் பார்த்தார்.

“நல்லாத்தான் கீது சார். ஆனா எல்லாக் கம்பியும் நேரா போவுதே. நம்ம ஊர்ல ரோடுகூட அப்படிப் போவாது.”

அந்தப் படம் போடும்போதுதான் நாற்பத்தேழாம் துளை வந்தது. பழைய படத்தில் அது காலி. மூடிப்போன ஒரு ஷாஃப்டின் கம்பி, இப்போது உபயோகமில்லை என்று குறிப்பு. ஆனால் பின்பக்கம் இரண்டு கம்பிகள் பளபளவென்று ஈயம் பற்றவைக்கப்பட்டு நின்றன. அக்காவிடம் கேட்டேன். மழுப்பாமல் சொன்னார்.

அந்தக் கம்பி மாரிகுப்பத்துப் பக்கம் தொழிலாளர் வீடுகள் இருக்கும் ஒரு லைனுக்குப் போகிறது. அங்கே தண்ணீர்க் குழாய்க்கு மேல் இருந்த தகரக் கூரையில் ஒரு மணி. போன் இல்லை, வெறும் மணி. உபயோகமில்லாமல் கம்பத்தில் கிடந்த கம்பியை ஒரு லைன்மேன் திருப்பிவிட்டுக் கொடுத்திருந்தார். யார் என்று கேட்டேன். அது மட்டும் கேக்காதீங்க சார் என்றார்.

எதற்கு மணி என்பதைச் சொல்ல, ஏர் பிளாஸ்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூமிக்கடியில் வெகு ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடிப்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். மேலே ஊர் முழுக்க ஆடும், அலமாரிப் பாத்திரம் உருளும். ஆடியதும் லைனில் இருக்கும் பெண்கள் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஷாஃப்ட் கேட்டுக்கு ஓடுவார்கள். உள்ளே இருப்பவர்களில் யாருக்கு என்ன ஆனது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அக்காவும் ஒரு முறை காலை முதல் சாயங்காலம்வரை நின்றிருக்கிறார். கடைசியில் சேதி அவருக்கு வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக அவரைப் பார்க்காமல் விலகிப்போனதிலிருந்து அவரே தெரிந்துகொண்டார்.

வெடித்த கால் மணி நேரத்துக்குள் எல்லா லெவலிலிருந்தும் எக்ஸ்சேஞ்சுக்குத்தான் முதலில் பேச்சு வரும். ஆம்புலன்ஸ் கேட்டார்களா, டாக்டரைக் கூப்பிட்டார்களா என்பது ஊரிலேயே முதலில் போர்டுக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். யாருக்கும் ஒன்றுமில்லை என்று உறுதியானால் அக்கா நாற்பத்தேழில் பிளக்கைச் செருகி ஒரு நீண்ட மணி அடிப்பார். லைன் பெண்கள் குழாயடியிலேயே கூடிக் காத்திருந்து, மணி அடித்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அக்காவின் ஷிஃப்டில் மூன்று வருடமாக இது நடந்துவந்தது. நிர்வாகத்தில் யாருக்கும் தெரியாது.

யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் எப்படி அடிப்பீர்கள் என்று கேட்டேன்.

“அடிக்கமாட்டேன். கெட்டதை மணியடிச்சுச் சொல்லுவாங்களா சார்? அதுக்கு ஆளு நடந்து போவணும்.”

ஆக, மணி அடித்தால் நல்லது. அடிக்காவிட்டால் ஓடு. அதுதான் அவர்கள் ஏற்பாடு. இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்த வருடக் கடைசியில் வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி எக்ஸ்சேஞ்சைப் பரிசோதிக்க வருவதாகத் தகவல் வந்தது. என் படத்தையும் போர்டின் பின்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார் என்றார்கள். என் படத்திலும் நாற்பத்தேழைக் காலியாகத்தான் விட்டிருந்தேன். பின்னால் இரண்டு கம்பி. நான்கு நாள்தானே, அவர் போனதும் திரும்பப் பற்றவைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அக்கா பிற்பகல் ஷிஃப்டில் இருந்த வாரம் அது. காலையில் வந்து இரண்டு கம்பிகளையும் வெட்டி, முனைகளை மற்றக் கம்பிக் கட்டுக்குள் சொருகிவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

மூன்றாம் நாள் வாரம் மாறி, அக்காவுக்குக் காலை ஷிஃப்ட். பரிசோதனை அதிகாரி எங்கள் அறையில் உட்கார்ந்து என் படத்தை மேசையில் விரித்துக் காபி குடித்துக்கொண்டிருந்தார். பத்து மணி இருக்கும். தரை ஆடியது. அவர் கையிலிருந்த காபி என் படத்தின்மேல் சிந்தியது. போர்டில் பத்துப் பன்னிரண்டு தகடுகள் ஒரே சமயத்தில் விழுந்தன.

அக்கா அவற்றை எடுத்த வேகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. ஒரு கையில் இரண்டு பிளக். குரல் கொஞ்சமும் உயரவில்லை. லெவல் லெவலாகக் கேட்டார். பாறை விழுந்த இடத்தில் ஆள் இல்லை. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. கால் மணி நேரத்தில் உறுதியானது. அவர் நாற்பத்தேழில் பிளக்கைச் செருகி நீளமாக மணியடித்ததை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அதிகாரி கவனிக்கவில்லை. மணி அந்தப் பக்கம் அடித்ததா இல்லையா என்பது போர்டில் தெரியாது. அக்கா நிம்மதியாகப் பிளக்கை எடுத்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகப் பெண்கள் ஓடுவது தெரிந்தது.

அக்கா எழுந்து நின்று பார்த்தார். உட்கார்ந்து மறுபடி நாற்பத்தேழில் மணியடித்தார். மறுபடியும். பிறகு என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், சார், கொஞ்சம் பின்னாடி பாருங்க என்றார்.

நான் போர்டின் பின்னால் போனேன். இரண்டு முனைகளையும் கையில் எடுத்தேன். முறுக்கிவிட்டால் போதும், அரை நிமிட வேலை. படத்துக்கும் மேசைக்கும் முன்னால் அந்த அதிகாரி, நான்கடி தூரத்தில், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் இல்லாத கம்பியை அவர் எதிரில் எப்படிச் சேர்ப்பது? முனைகளை மறுபடி கட்டுக்குள் சொருகினேன். வெளியே வந்து, எல்லாம் சரியாத்தான் இருக்கு என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் சின்னது அதுதான். ஐந்து சொல்கூட இல்லை.

கேட்டில் முன்னூறு பெண்கள் இருக்கலாம். யாருக்கும் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்க என்று காவல்காரர் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார். ஒருவரும் நம்பவில்லை. ஆபீஸ் எப்பவும் அப்படித்தான் சொல்லும், மணி அடிக்கவில்லையே என்றிருக்கிறார்கள். மணி என்றால் என்னவென்று காவல்காரருக்குப் புரியவில்லை. அன்று நடந்தது உண்மையிலேயே நல்ல சேதி. அதை அவர்களிடம் சொல்லி நம்பவைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதை நான் வெட்டியிருந்தேன். இரும்புக் கேட்டை இரண்டு கையாலும் அடித்து அடித்து அவர்கள் வளையல்கள் உடைந்தன. நெரிசலில் கீழே விழுந்த ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து ஆண்கள் மேலே வந்தபோது, கேட்டுக்கு வெளியே தரை முழுவதும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடித் துண்டு. அதை மிதித்துக்கொண்டு வந்து, வெறுங்கையோடு நிற்கும் மனைவிகளைப் பார்த்தார்கள். ஒருவர், இன்னாடி, நான் செத்துட்டேனா என்று கேட்டாராம். அவர் மனைவி அவரை எல்லார் முன்னாலும் அறைந்துவிட்டு அழுதாராம். ஊரில் அதைச் சொல்லிப் பல நாள் சிரித்தார்கள்.

அடுத்த நாள் எங்கள் கடையில் வளையல் தீர்ந்துவிட்டது. கெட்ட சகுனம் ஒரு நாள்கூட நிற்கக்கூடாது என்று லைன் முழுக்க வந்திருந்தது. அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, என்னடா விசேஷம், திருவிழாகூட இல்லையே என்று சந்தோஷமாகக் கேட்டார். நான் தெரியாது என்றேன்.

ஏர் பிளாஸ்ட் நடந்த அன்றைக்கே, ஷிஃப்ட் முடிந்து, அதிகாரியும் போனபிறகு, அக்கா போர்டின் பின்னால் போனார். துளையின் பின்பக்கத்தில் விரலை வைத்து, கட்டுக்குள் விட்டு, கம்பியோடு கம்பியாகப் போய் அந்த முனையை வெளியே இழுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தானா அறுந்த கம்பின்னா முனை இளைச்சுப் போயிருக்கும் சார். இது சதுரமா கீது.”

என் சட்டைப் பையில் புதுக் கட்டர் இருந்தது. அவர் அதைப் பார்த்தாரா என்று தெரியாது. பார்க்கத் தேவையும் இல்லை.

கை முறிந்த பெண்ணால் விசாரணை வந்தது. குழாயடி மணி வெளியே தெரிந்துவிட்டது. அனுமதியில்லாத கம்பி யார் போட்டது என்பதுதான் கேள்வி. அது ஏன் அன்று அடிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. என்னை அறிக்கை எழுதச் சொன்னார்கள். எழுதுவதற்கு முதல் நாள் அக்காவிடம் போய், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லும் தைரியம் எனக்கு இருந்ததா என்று இன்றும் சந்தேகம்தான். அவர் தடுப்பார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்துத்தான் போயிருப்பேன்.

அவர் டிஃபன் டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார்:

“நீங்க சொன்னா உங்களையும் அனுப்பிடுவாங்க. அப்புறம் இந்த ரூமுக்குள்ள மணியப் பத்தித் தெரிஞ்ச ஆளு யாரு சார் கீறாங்க? நான் போறேன். நீங்க இருந்து கம்பிய சேர்த்துடுங்க. வர்ற ஆளுக்கு அது எதுக்குன்னு சொல்லிக் குடுங்க. அது போதும்.”

அக்காவுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். வேலை அல்ல, நல்ல பெயரும் அல்ல. அந்த இரண்டு கம்பி. அதற்கு அவர் கொடுக்கத் தயாராக இருந்ததை நான் வாங்கிக்கொண்டேன். அறிக்கையில், இன்ன ஆபரேட்டர் தன்னிச்சையாக இணைத்தது என்று அவர் முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணையில், உங்கள் சூப்பர்வைசருக்கு இது தெரியுமா என்று கேட்டார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சாரு வந்து ஆறு மாசம்தான் ஆவுது என்றார். அது பொய்யில்லை. அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரித் துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். சம்பளம் குறைந்தது. போர்டு போனது. கடைசி நாள் கொண்டைப் பென்சிலை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, துணிக்கு இது எதுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னபடி நான் செய்தேன். ஆபரேட்டரை மாற்றியதோடு விஷயம் முடிந்தது என்று கூரை மணியைக் கழற்ற யாரும் போகவில்லை. கம்பியைப் பற்றவைத்தேன். படத்தைத் திரும்பப் போட்டேன். காபிக் கறை அதற்கு நல்ல சாக்கு. புதுப் படத்தில் நாற்பத்தேழுக்கு எதிரே குழாயடிப் பம்பு என்று எழுதினேன். அங்கே பம்பே கிடையாது. அடுத்து வந்த எந்த அதிகாரியும் போய்ப் பார்க்கவில்லை. படத்தில் இருந்தால் அவர்களுக்குப் போதும். புது ஆபரேட்டரிடம் மணியின் கதையைச் சொன்னேன், யார் வெட்டியது என்பதை மட்டும் விட்டுவிட்டு.

துணிக் கிடங்கில் அக்கா எப்படி இருக்கிறாரோ என்று பயந்துகொண்டே ஒரு நாள் போனேன். சுவரெல்லாம் அடுக்கு, போர்வை வாசனை. அவர் சௌகரியமாகத்தான் இருந்தார். எந்த வார்டுக்கு எந்தத் துணி போகிறதென்று தினமும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாராம். மூன்றாம் வார்டில் ஒரு கிழவருக்கு முரட்டுப் போர்வை ஆகாது, உடம்பு அரிக்கிறது. அவருக்கென்று துவைத்துத் துவைத்து மெலிந்த ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். கம்பி சேர்த்தாச்சா என்று மட்டும் கேட்டார். ஆச்சு என்றேன். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் அவருக்கு எண்ணுவதற்கு ஏதாவது தலையணை உறை இருந்தது.

நான் பிறகு பெரிய பதவிகளுக்குப் போனேன். பேர் சொல்லும்படி இருந்தேன். அக்கா ஓய்வு பெறும்வரை துணிக் கிடங்கிலேயே இருந்தார். வெகு காலம் நன்றாகவே வாழ்ந்து, சில வருடங்களுக்கு முன் தூக்கத்தில் போனார். லைன் முழுக்க வந்து நின்றது. நானும் நின்றேன். அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

ஆனால் நான் அவரை நினைக்கும்போது வருவது அந்த விசாரணை அறையல்ல. அதற்கு ஐந்தாறு மாதம் கழித்து வந்த ஒரு காலை. மறுபடி ஊர் ஆடியது. புது ஆபரேட்டர் லெவல் லெவலாகக் கேட்டார். யாருக்கும் ஒன்றுமில்லை. நாற்பத்தேழில் பிளக்கைச் செருகி மணியடித்தார். நான் ஜன்னலில் நின்று ரோட்டைப் பார்த்தேன். அரை மணி நேரம் பார்த்தேன். ஒருவரும் ஓடி வரவில்லை. ஒரு மாட்டு வண்டி போனது. அவ்வளவுதான்.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்று அக்காவுக்குப் பிற்பகல் வேலை. அதனால் காலையில் லைனில்தான் இருந்திருக்கிறார், குடத்தோடு, குழாயடியில், மற்றப் பெண்களோடு. அவருடைய தம்பி அப்போது குழிக்குள் இருந்தான். மூன்று வருடம் அந்த மணியை அடித்தவர், காத்து நின்று அதைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

போர்வை மடிப்பதை நிறுத்தினார். கண் ஈரமாக இருந்தது, முகம் சிரித்தது.

“நல்லா கேக்குது சார். ஆனா நான் இத்தினி நாளா ரொம்பச் சுருக்கா அடிச்சிருக்கேன். இந்தப் பக்கம் நின்னாத்தான் தெரியுது. மொத சத்தத்துல நம்ப முடியல, நின்னுபோயிடுமோன்னு பயமா கீது. இன்னும் கொஞ்சம் இழுத்து அடிக்கச் சொல்லுங்க.”

எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பி வந்து, இனிமேல் நாற்பத்தேழுக்கு நிதானமாகப் பத்து எண்ணும்வரை அடிக்க வேண்டும் என்று புது ஆபரேட்டரிடம் சொன்னேன். யார் சார் சொன்னது, படத்தில் இல்லையே என்றார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொன்னார் என்றேன்.